இடிபாடுகளைத் தேடி: பாண்டியர் தலைநகரின் நினைவும் கம்பம் பள்ளத்தாக்கும்

ஆய்வுச் சுருக்கம்

தாய்லாந்தின் பழந்தலைநகரங்களான சுகோதையும் அயுத்தயாவும் கைவிடப்பட்டமையால் இடிபாடுகளாக நிலைத்தன. பாண்டியர் தலைநகரான மதுரை கைவிடப்படாமல் தொடர்ந்து வாழ்ந்தமையால் தன் பழைய உருவை மண்ணுக்குள் இழந்தது. எனவே, பாண்டியர் தலைநகரின் தொன்மையைக் காண விழையும் ஆய்வாளர் அதன் சுற்றுப்புறத்தையும் எல்லைப்புறத்தையும் நோக்கிச் செல்ல வேண்டியவராகிறார். தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும் அத்தகைய எல்லைப்புறங்கள். புலிமான்கோம்பை நடுகற்கள், சின்னமனூர்ச் செப்பேடுகள், உத்தமபாளையம் சமணச் சிற்பங்கள், மங்கலதேவி கோட்டம் ஆகிய நான்கு சான்றுகளையும் ஒருங்கே வைத்து, தலைநகரின் நினைவு எல்லைப்புறத்தில் எவ்வாறு தங்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மங்கலதேவி கோட்டத்தில் காப்பிய இடம், இடைக்காலக் கட்டடம், இன்றைய வழிபாடு என்னும் மூன்று அடுக்குகளையும் பிரித்துப் பார்க்க வேண்டியதன் தேவையையும் இது வலியுறுத்துகிறது.

குறிச்சொற்கள்: கம்பம் பள்ளத்தாக்கு, மதுரை, மங்கலதேவி கோட்டம், நடுகல், சின்னமனூர்ச் செப்பேடு, சுகோதை, அயுத்தயா.

முன்னுரை

அழிந்த தலைநகரைக் காணச் செல்வது பழமையான வழக்கம். நகர் அழிந்த பின்னும் அதன் இடம் அழிவதில்லை என்னும் நம்பிக்கையே அப்பயணத்திற்கு அடிப்படை. தாய்லாந்தின் அயுத்தயாவுக்குச் செல்வோர் செங்கற் கோபுரங்களையும் தலையிழந்த புத்தர் உருவங்களையும் கண்முன் காண்கின்றனர். ஒரு நாட்டின் தலைநகராக நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் விளங்கிய நகர் அது என்பதற்கு அங்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. சுகோதையிலும் அவ்வாறே.

இதே எதிர்பார்ப்புடன் மதுரைக்கு வருபவர் திகைப்படைவார். இலக்கியத்தில் இத்துணை விரிவாகப் பாடப்பட்ட தலைநகர் தமிழகத்தில் அரிது. ஆயினும் சங்க காலக் கோட்டை மதில், அரண்மனை, அங்காடித் தெரு என எதையும் அங்கு நேரில் காண இயலாது. இன்று கண்ணுக்குத் தெரியும் மதுரையின் பெரும்பகுதி நாயக்கர் காலத்தையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தது. பாண்டியர் தலைநகரின் இடிபாடுகள் எங்கே என்ற வினா இவ்விடத்தில் எழுகிறது. அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி, மதுரைக்கு மேற்கே மலைத்தொடர் வரை நீளும் நிலப்பரப்பில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

கைவிடப்பட்ட நகரும் வாழும் நகரும்

சுகோதை கி.பி. 13ஆம் நூற்றாண்டில் தலைநகராக எழுச்சி பெற்றது. பின்னர் அதிகாரம் தெற்கே அயுத்தயாவுக்குப் பெயர்ந்தது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவப்பட்ட அயுத்தயா, 1767இல் பர்மியப் படையெடுப்பில் அழிந்தது. 1782இல் பாங்காக் தலைநகரானது. அரசு இடம்பெயர்ந்ததால் பழைய நகரங்களின் மீது புதிய பெருநகர் எழவில்லை. 1991இல் சுகோதையும் அதனைச் சார்ந்த நகரங்களும், அயுத்தயாவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

எனினும், கைவிடப்பட்ட தலைநகரும் முழுமையாக அதே இடத்தில் நிற்பதில்லை. அயுத்தயாவின் செங்கற்கள் பாங்காக்கின் மதில்களைக் கட்ட எடுத்துச் செல்லப்பட்டன. சுகோதையின் மகாதாது விகாரையில் இருந்த பெரிய புத்தர் படிமம் பாங்காக்கின் சுதாத் விகாரைக்குக் கொண்டுவரப்பட்டது. 1833இல் இளவரசர் மோங்குட் சுகோதையில் கண்டெடுத்த இராம்கம்ஹேங் கல்வெட்டும் பாங்காக்கை அடைந்தது. அயுத்தயா என்னும் பெயரே அயோத்தியிலிருந்து பெறப்பட்டது. ஒரு தலைநகரின் நினைவு கல்லாகவும் படிமமாகவும் பெயராகவும் இடம்விட்டு இடம்பெயரும் தன்மையுடையது என்பதை இவை காட்டுகின்றன.

மதுரையின் நிலை வேறு. 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பு, தொடர்ந்த சுல்தானிய ஆட்சி, விசயநகர வெற்றி, நாயக்கர் ஆட்சி, கும்பினியார் ஆட்சி என ஒவ்வொரு காலமும் நகரைக் கைவிடாமல் அதன்மீதே கட்டியது. நாயக்கர் காலக் கோட்டை மதில்கூட 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் உருவாயின. வாழும் நகரம் தன் இடிபாடுகளைத் தானே உண்டுவிடுகிறது.

இதனால் பாண்டியர் தலைநகரின் தொன்மைச் சான்றுகள் பெரும்பாலும் நகருக்கு வெளியிலேயே கிடைக்கின்றன. நெடுஞ்செழியன் என்னும் பெயரைத் தாங்கிய தமிழி கல்வெட்டு, மதுரைக்கு வெளியே மாங்குளம் மலையில் உள்ளது. நகர வாழ்க்கையின் கட்டுமானச் சான்றுகள் 2014-15 முதல் நடந்துவரும் அகழாய்வில், மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் வெளிப்பட்டன. இவ்விரண்டும் அண்மைப்புறச் சான்றுகள். மேற்கு எல்லைப்புறத்தின் சான்றுகளும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

பள்ளத்தாக்கும் வழியும்

1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்தது. வையை வருசநாட்டு மலைகளில் தோன்றுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் நீர் சுருளியாறாகவும் முல்லையாறாகவும் வடகிழக்கே ஓடித் தேனிப் பகுதியில் வையையின் நீர்த்தொகுதியோடு கலக்கிறது. வருசநாட்டுப் பள்ளத்தாக்கையும் கம்பம் பள்ளத்தாக்கையும் மேகமலைத் தொடர் பிரிக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்குக் கோடியில் கூடலூரும், அதற்கு மேலே குமுளிக் கணவாயும் உள்ளன. கணவாயைக் கடந்தால் பேரியாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி.

இவ்வழி பாண்டிய நாட்டையும் சேர நாட்டையும் இணைத்த வழிகளுள் ஒன்று. போடிநாயக்கனூர்ப் பகுதியில் கிடைத்து, டி. டி. கோசாம்பி முதலியோரால் ஆராயப்பட்ட வெள்ளி முத்திரைக் காசுக் குவியல், மலையடிவாரம் வரை நாணயப் புழக்கம் இருந்தமைக்குச் சான்று. பின்பக்கத்தில் மீனை ஒத்த குறி கொண்ட இவ்வகைக் காசுகளைப் பாண்டியரோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. பாண்டிய மரபின் ஒரு கிளை மதுரையை விட்டு நீங்கிக் கம்பம் பள்ளத்தாக்கின் வழியாக மலையைக் கடந்து பூஞ்சாறில் நிலைகொண்டது என்று அவ்வரச குடும்பத்தின் மரபு கூறுகிறது. வணிகரும் அரச குலத்தாரும் காப்பியத் தலைவியும் ஒரே திசையில் சென்றனர் என்று மரபுகள் குறிப்பது தற்செயலானதன்று. நிலத்தின் அமைப்பே அத்திசையைத் தீர்மானித்தது.

புலிமான்கோம்பை: நடுகல்லின் தொன்மை

2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. இராசன் தலைமையிலான குழுவினர், ஆண்டிபட்டி வட்டத்தில் வையைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். கண்டறிந்தோர் இவற்றைக் கி.மு. 4-3ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியனவாகக் கருதினர். எழுத்தமைதியைக் கொண்டு காலத்தைச் சற்றுப் பிற்படுத்துவோரும் உளர். எவ்வாறாயினும், எழுத்துடைய நடுகற்களுள் இவை மிகத் தொன்மையானவை.

அவற்றுள் ஒரு கல் கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனைக் குறிக்கிறது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக இதே சொல்லை வழங்குகிறது. இலக்கணத்தில் துறைப்பெயராக அறியப்பட்ட சொல், ஒரு சிற்றூர்க் கல்லில் நிகழ்ச்சிப் பெயராக நிற்பது தமிழாய்வில் பெரிதும் கவனிக்கப்பட்டது. இலக்கிய மரபும் வாழ்க்கை வழக்கும் ஒன்றையொன்று உறுதிசெய்த அரிய இடம் இது.

கல்லில் உள்ள கூடலூர் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூர் என்று கொள்வது நிலவியல் வகையில் பொருந்துகிறது. ஆயினும், ஆறுகள் கூடும் இடமெல்லாம் கூடலூர் எனப் பெயர் பெறும் வாய்ப்புடையது. மதுரைக்கும் கூடல் என்ற பெயருண்டு. எனவே, இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாமல் வலுவான சாத்தியமாகக் கொள்வதே முறை.

இங்குக் கருதத்தக்க வேறொரு செய்தியும் உண்டு. தொல்காப்பியம் கல்நாட்டும் மரபைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் படிநிலைகளாக வகுக்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்னும் பெயர்களையே தன் காதைகளுக்குச் சூட்டியுள்ளது. போரில் மாய்ந்த ஆடவனுக்கு உரிய சடங்கு முறையைக் கணவனை இழந்த பெண்ணுக்கு உரியதாக விரித்தமையே அக்காண்டத்தின் பெரும் புதுமை. அச்சடங்கின் மிகத் தொன்மையான எழுத்துச் சான்று, கண்ணகி நடந்ததாகக் காப்பியம் கூறும் அதே வையைக் கரையில் கிடைத்திருப்பது காப்பியத்தின் வரலாற்று உண்மையை நிறுவாது. ஆனால், காப்பியம் எழுந்த பண்பாட்டு மண்ணை அது அடையாளம் காட்டுகிறது.

சின்னமனூர்: தலைநகரின் நினைவைத் தாங்கிய செப்பேடு

கம்பம் பள்ளத்தாக்கின் நடுப்பகுதியில் உள்ள சின்னமனூர், பாண்டியர் காலத்தில் அளநாட்டைச் சேர்ந்த அரிகேசரிநல்லூர் என வழங்கியது. இங்குக் கிடைத்த இரு செப்பேட்டுத் தொகுதிகள் சிறிய சின்னமனூர்ச் செப்பேடு, பெரிய சின்னமனூர்ச் செப்பேடு என அழைக்கப்படுகின்றன. பெரிய செப்பேடு, 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இராசசிம்ம பாண்டியனின் 16ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அளநாட்டு நற்செய்கைப்புத்தூர் என்னும் ஊர் மந்தரகௌரவமங்கலம் எனப் பெயர் மாற்றப்பட்டுக் கொடையாக வழங்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் கொண்ட இச்செப்பேடு தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி வரிசையில் பதிப்பிக்கப்பட்டுள்ளது.

நிலக்கொடை ஆவணமாக இருப்பினும், இதன் புகழ் வேறு காரணத்தால் ஏற்பட்டது. பாண்டியரின் முன்னோர் சிறப்புகளைக் கூறும் பகுதியில், தலையாலங்கானத்துப் போர் வெற்றியும், மகாபாரதம் தமிழ்ப்படுத்தப்பட்டதும், மதுராபுரியில் சங்கம் வைத்ததும் குறிக்கப்படுகின்றன. மதுரைச் சங்கம் பற்றிய கல்வெட்டு, செப்பேட்டுச் சான்றுகள் மிகச் சிலவே. அவற்றுள் ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாளும் சான்று இதுவாகும். தலைநகரின் அறிவுப் பெருமையைப் பதிவு செய்த ஆவணம் தலைநகரில் கிடைக்காமல் அளநாட்டில் கிடைத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இதற்குக் காரணம் செப்பேட்டின் இயல்பிலேயே உள்ளது. கொடை பெற்றோர் தம் உரிமையை நிறுவ அதனைத் தம் ஊரில் பாதுகாத்தனர். அரச மரபின் பெருமை, நில உரிமையின் முன்னுரையாக ஊர்தோறும் சென்றது. மதுரையில் அரண்மனை ஆவணங்கள் இருந்திருப்பினும் அவை படையெடுப்புகளைத் தாங்கவில்லை. இராசசிம்மனே முதற் பராந்தக சோழனிடம் மதுரையை இழந்து, முடியையும் குலச் சின்னங்களையும் எடுத்துக்கொண்டு ஈழத்தில் புகலடைந்தான். பராந்தகன் மதுரையும் ஈழமும் கொண்டவன் எனப் பெயர் சூடினான். அரசன் முடியைக் கடல் கடந்து கொண்டுசென்றான். அவன் குலத்தின் வரலாற்றைப் பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்று செம்பில் வைத்துக் காத்தது.

உத்தமபாளையம் அருகே திருக்குணகிரி எனப்படும் பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துப் பொறிப்புகளும் இத்தொடர்பை வேறொரு வகையில் உறுதிசெய்கின்றன. அவற்றுள் அச்சணந்தி என்னும் சமணத் துறவியின் பெயர் இடம்பெறுகிறது. இப்பெயர் ஆனைமலை முதலிய மதுரைச் சுற்றுப்புற மலைகளிலும் காணப்படுகிறது. மதுரையைச் சூழ்ந்த சமண மலைகளின் வலைப்பின்னல் கம்பம் பள்ளத்தாக்கு வரை நீண்டிருந்தது. எல்லைப்புறம் என்பதால் இது ஒதுங்கிய நிலமாக இருக்கவில்லை. தலைநகரோடு சமயத்தாலும் ஆட்சியாலும் பிணைந்திருந்தது.

மங்கலதேவி கோட்டம்: காப்பியச் சான்றும் எதிர்க்கருத்தும்

கூடலூருக்கு மேலே, மலை விளிம்பில், சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் உள்ளது மங்கலதேவி கோட்டம். பெருங்கற்களை அடுக்கி எழுப்பிய சுவர்களும் சிதைந்த சில திருமுன்களும் கொண்ட இவ்விடிபாடு பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டியது. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநில எல்லையில் நிற்பதால் எல்லை குறித்த கருத்து வேறுபாடும் நீடிக்கிறது. இதுவே சிலப்பதிகாரம் கூறும் கண்ணகி கோட்டம் என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் அறிவித்தார். கண்ணகி சென்ற வழியைக் காப்பியக் குறிப்புகளைக் கொண்டு பூம்புகாரிலிருந்து தொடர்ந்து தேடியதன் முடிவாக அவர் இவ்விடத்தை அடைந்தார்.

இவ்வடையாளத்திற்குத் துணைநிற்கும் காப்பியக் குறிப்புகள் நான்கு. முதலாவது, மதுரை எரியுண்ட பின் கண்ணகி மேற்கு வாயில் வழியே வெளியேறி வையைக் கரை வழியாகச் சென்றாள் என்பது. இரண்டாவது, பதினான்கு நாள் கழிந்தபின் நெடுவேள் குன்றத்தில் வேங்கை நிழலில் நின்று விண்ணுலகு சென்றாள் என்பது. மூன்றாவது, குன்றவர் இச்செய்தியைச் சேரன் செங்குட்டுவனிடம் கூறியது பேரியாற்றின் மணற்கரையில் என்பது. நான்காவது, வரந்தரு காதையில் மங்கலமடந்தை கோட்டமும் உயர்ந்த மலையுச்சிச் சுனையும் இணைத்துக் கூறப்படுவது. மதுரையிலிருந்து குமுளி வரை சாலை வழியே சுமார் 135 கிலோமீட்டர். பதினான்கு நாள் நடைக்கு இத்தொலைவு பொருந்தும். வையையையும் பேரியாற்றையும் ஒருசேர அணுகும் மலைப்பகுதி இதுவே. மங்கலதேவி என்னும் பெயர் ஒற்றுமையும் புறக்கணிக்கத்தக்கதன்று.

எதிர்நிற்கும் கருத்துகளும் வலிமையானவை. சிலப்பதிகாரத்தின் பழைய உரைகளிலேயே இவ்விடம் குறித்து ஒத்த கருத்து இல்லை. அரும்பதவுரை திருச்செங்கோட்டைச் சுட்ட, அடியார்க்கு நல்லார் அதனை ஏற்காமல் மலைநாட்டுச் செங்குன்றைச் சுட்டினார். காப்பியத்தின்படி செங்குட்டுவன் பத்தினிக்குப் படிமம் அமைத்துக் கோயில் எடுத்தது வஞ்சி மாநகரில். கண்ணகி விண்ணுலகு சென்ற குன்றும் அவளுக்குக் கோட்டம் எடுத்த நகரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வையையின் மூல ஓடை வருசநாட்டிற்கு இட்டுச்செல்லுமே அன்றிக் கூடலூருக்கு இட்டுச்செல்லாது என்பதும் நினைக்கத்தக்கது. வையைக் கரையை விட்டுச் சுருளியாற்றின் வழியே திரும்பினால்தான் இம்மலையை அடைய இயலும். பேரியாறும் மலையிலிருந்து மேலைக் கடல் வரை ஓடும் நெடிய ஆறு. அதன் எக்கரையில் அரசன் தங்கினான் என்பதைக் காப்பியம் வரையறுக்கவில்லை.

காலம் பற்றிய சிக்கலும் உண்டு. செங்குட்டுவன் விழாவில் ஈழத்துக் கயவாகு கலந்துகொண்டான் என்னும் குறிப்பைக் கொண்டு அவன் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டாகக் கணிக்கப்படுகிறது. மங்கலதேவியில் இன்று நிற்கும் கட்டடமோ பாண்டியர் பாணியைச் சேர்ந்த இடைக்காலக் கட்டுமானம். 2ஆம் நூற்றாண்டில் இத்தகைய கருங்கற் கோயில் தமிழகத்தில் எழுந்ததற்குச் சான்று இல்லை. எனவே, இக்கட்டடத்தைச் செங்குட்டுவனின் நேரடிப் படைப்பாகக் கொள்வதற்கு இடமில்லை.

மூன்று அடுக்குகள்

இவ்விவாதம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வினாவைச் சுற்றியே நடந்துவருகிறது: இது கண்ணகி கோட்டமா, இல்லையா? இவ்வினா தவறானதன்று. ஆனால், இது ஒன்றே வினாவாக நின்றமையால் வேறு வினாக்கள் பின்தள்ளப்பட்டன. இடிபாட்டில் குறைந்தது மூன்று அடுக்குகள் உள்ளன.

முதல் அடுக்கு காப்பிய இடம். இது இலக்கிய ஆய்வுக்கும் நிலவியல் ஆய்வுக்கும் உரியது. இதன் முடிவு சாத்தியத்தின் அளவில் நிற்கும். இரண்டாம் அடுக்கு இடைக்காலக் கட்டடம். யாரால், எப்போது, எதற்காக இம்மலை விளிம்பில் இத்துணைப் பெருங்கற்கள் ஏற்றப்பட்டன என்பது கட்டடக் கலை ஆய்வுக்கும் கல்வெட்டாய்வுக்கும் உரியது. கணவாயைக் காவல் செய்த எல்லைக் கோயிலா, வணிக வழியின் வழிபாட்டிடமா, முன்பே நிலவிய பத்தினி வழிபாட்டின் கற்றளி வடிவமா என்பனவெல்லாம் கல்லிடமே கேட்கத்தக்க வினாக்கள். மூன்றாம் அடுக்கு இன்றைய வழிபாடு. ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் மக்கள் இங்கு அனுமதிக்கப்படுகின்றனர். தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடி ஏற்பாடுகளைச் செய்கின்றன. கேரளப் பக்கத்தில் குமுளியிலிருந்து ஜீப்புகள் காட்டுப் பாதையில் ஏறுகின்றன. தமிழகப் பக்கத்தில் லோயர் கேம்ப் அருகே பளியங்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஏறுவோர் உளர். இரு மொழியினரும் தத்தம் முறைப்படி வழிபடுகின்றனர். தமிழருக்குக் கண்ணகியாகவும் மலையாளிகளுக்குப் பகவதியாகவும் அங்கு எழுந்தருளுபவள் மங்கலதேவியே.

இம்மூன்று அடுக்குகளும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவை அல்ல. கட்டடம் பிற்காலத்தது என்பதால் காப்பிய இடம் பற்றிய மரபு பொய்யாகிவிடாது. பழைய புனித இடங்களில் பிற்காலக் கற்றளி எழுவது தமிழகத்தில் பொதுவழக்கு. அவ்வாறே வழிபாடு உயிர்ப்புடன் இருப்பதால் கட்டடத்தின் காலம் முன்னோக்கி நகர்ந்துவிடாது. ஓர் அடுக்கின் வலிமையை மற்றோர் அடுக்குக்குக் கடனாகத் தரும்போதுதான் விவாதம் முட்டிக்கொள்கிறது.

சுகோதை தரும் ஒப்புமை

இவ்வடுக்குகளைப் பிரித்து வைத்துக் காப்பது இயலாத செயலன்று. சுகோதை இதற்கு எடுத்துக்காட்டு. தாய்மொழியின் முதல் எழுத்துச் சான்றாகப் போற்றப்படும் இராம்கம்ஹேங் கல்வெட்டு 1292ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படுகிறது. 1980களின் இறுதியில் மைக்கேல் விக்கெரி, பிரியா கிரைரிக்ஷ் ஆகியோர் அது பிற்காலப் படைப்பாக இருக்கலாம் என ஐயம் எழுப்பினர். அதனை மெய்யான கல்வெட்டாக ஏற்போர் மறுப்புரைத்தனர். 2003இல் அது யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. விவாதம் எவ்வளவு கடுமையாயினும், கல் படியெடுக்கப்பட்டு, பதிப்பிக்கப்பட்டு, அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தது. ஐயம் கொண்டோரும் நம்பியோரும் ஒரே கல்லை வைத்து வாதிட இயன்றது.

வழிபாட்டிலும் ஒப்புமை உண்டு. சுகோதையின் இடிபாடுகளுக்கிடையே ஆண்டுதோறும் பன்னிரண்டாம் மாத முழுநிலவில் நீரில் விளக்கு மிதக்கவிடும் லோய் கிரதோங் விழா நடைபெறுகிறது. அவ்விழாவைச் சுகோதை அரசவையோடு தொடர்புபடுத்தும் நாங் நொப்பமாஸ் என்னும் நூல் பாங்காக் காலத்தில் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதனால் விழா நின்றுவிடவில்லை. விழா நடைபெறுவதால் அந்நூலின் காலம் பற்றிய ஆய்வும் நின்றுவிடவில்லை. மரபு தன் வழியிலும் ஆய்வு தன் வழியிலும் செல்ல, கற்கள் இரண்டிற்கும் பொதுவாகக் காக்கப்படுகின்றன.

மங்கலதேவியின் சூழல் சுகோதையின் சமவெளிச் சூழல் அன்று என்பதையும் மறத்தலாகாது. யானையும் புலியும் வாழும் காட்டில் நாள்தோறும் மக்களை அனுமதிப்பது விரும்பத்தக்கதும் அன்று. ஒருநாள் அனுமதி என்னும் ஏற்பாடு காட்டையும் வழிபாட்டையும் ஓரளவு சமன்செய்கிறது. ஆனால், ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்கும் ஒரே நாளில் சுவரின் அளவெடுப்பும் கல்வெட்டுப் படியெடுப்பும் நடைபெற இயலாது. வழிபாட்டு நாள் வேறு, ஆய்வு நாள் வேறு என்னும் பாகுபாடு இங்குத் தேவைப்படுகிறது. வனத்துறை, இரு மாநிலத் தொல்லியல் துறைகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவை இணைந்து, சிறு குழுவினரைக் கொண்டு சில நாட்களில் செய்து முடிக்கத்தக்க பணிகள் உள்ளன. அளவை வரைபடம், எஞ்சிய ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்ட ஒளிப்படப் பதிவு, எழுத்துடைய கற்களின் முப்பரிமாணப் பதிவு, சரிந்த கற்களின் மூல இடங்களைக் குறித்தல் ஆகியவை எல்லைச் சிக்கலின் தீர்வுக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. இவற்றில் எதுவும் நிலத்தின் உரிமையை மாற்றாது. மழையும் வேர்களும் கற்களை நெகிழ்த்துவது மட்டும் ஆண்டுதோறும் நிற்காமல் நடக்கிறது. காப்பிய இடம் பற்றிய விவாதம் அடுத்த தலைமுறையிலும் தொடரலாம். சரிந்து கலந்துவிட்ட சுவரை அடுத்த தலைமுறை மீண்டும் வாசிக்க இயலாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. சுகோதை, அயுத்தயா போன்ற நகரங்கள் கைவிடப்பட்டமையால் இடிபாடுகளாக நிலைத்தன. மதுரை தொடர்ந்து வாழ்ந்தமையால் அதன் தொன்மைச் சான்றுகள் சுற்றுப்புறத்திலும் எல்லைப்புறத்திலும் தேடத்தக்கனவாயின.

2. தேனி மாவட்டத்தின் சான்றுகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற தனிச் சான்றுகள் அல்ல. புலிமான்கோம்பை நடுகற்கள் மறவர் நினைவின் தொன்மையையும், சின்னமனூர்ச் செப்பேடு அரச மரபின் நினைவையும், உத்தமபாளையம் பாறை சமயத் தொடர்பையும், மங்கலதேவி எரியுண்ட தலைநகரின் காப்பிய நினைவையும் தாங்குகின்றன.

3. மதுரைச் சங்கத்தைப் பற்றிய செப்பேட்டுச் சான்று பள்ளத்தாக்கின் ஊரொன்றில் காக்கப்பட்டமை, தலைநகரின் வரலாற்றை எழுதுவதில் எல்லைப்புற ஊர்களின் பங்கை உணர்த்துகிறது.

4. மங்கலதேவி கோட்டத்தைக் கண்ணகியோடு இணைப்பது காப்பியக் குறிப்புகளின் அடிப்படையில் மதிக்கத்தக்க கருதுகோள். அதனை இன்றுள்ள கட்டடத்தின் காலத்தோடு குழப்புதல் இரண்டிற்கும் தீங்கு விளைவிக்கும்.

5. வழிபாட்டைக் குறைக்காமலும் காட்டுக்கு ஊறு செய்யாமலும் இவ்விடிபாட்டை முழுமையாகப் பதிவு செய்வது உடனடித் தேவை.

காப்பியத்தில் கண்ணகி மதுரையின் மேற்கு வாயிலைக் கடக்கும்போது அவளுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது ஒரு தலைநகர். அந்நகரின் சாம்பலைத் தேடி இன்று மதுரையில் தோண்ட இயலாது. அதன்மேல் வீடுகளும் கடைகளும் கோயில்களும் நிற்கின்றன. ஆனால், அவள் சென்ற திசையில், ஆற்றங்கரையில் ஒரு நடுகல்லும், வயல்வெளி ஊரில் ஒரு செப்பேடும், மலை விளிம்பில் சில சரிந்த சுவர்களும் கிடைக்கின்றன. பாண்டியர் தலைநகரின் இடிபாடுகளைக் காண விரும்புவோர் செல்ல வேண்டிய வழிகளுள் அதுவும் ஒன்று.